வெள்ளைக் கோயில்

நான்காவது படத்தை ஆணியிலிருந்து கழற்றித் திருப்பும்போதுதான் காட்டெலின் கட்டைவிரல் அந்தத் தையலில் பட்டது. அப்போது அவள் அதைக் கவனிக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் செய்யவேண்டியவை ஒவ்வொன்றாகக் காத்துக்கொண்டிருந்தன. கடிகாரத்தை நிறுத்தியாயிற்று. குடத்துத் தண்ணீரைக் கொட்டியாயிற்று. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பியாயிற்று. மீதி இருந்தவை படங்கள். சவப்பெட்டி வாசல் தாண்டும்வரை எந்தப் படமும் முகம் காட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்பது அந்தக் கடற்கரையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். மற்ற வீடுகளில் கப்பல் படம் ஒன்று, கல்யாணப் படம் ஒன்று என்று இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை. இவள் வாழ்க்கைப்பட்டது ஓர் ஓவியனுக்கு. கூடத்தைச் சுற்றிப் பத்தொன்பது படங்கள் தொங்கின.

பின்னால் நீள மேசைமேல் கிடத்தியிருந்த புருஷன் கொராந்தனின் முகத்தை மரிவோன் அக்கா வெந்நீர்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் யார் செத்தாலும் குளிப்பாட்டுவது அவள்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு அவனுக்கு மூச்சு நின்றது. ஆறு மணிக்கெல்லாம் அவள் சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"தாடியில பச்சைச் சாயம் ஒட்டியிருக்குடி. சுரண்டினாத்தான் வரும் போல. விட்டுடவா?"

விட்டுவிடுங்கள் என்றாள் காட்டெல். படுக்கையில் விழுந்த பிறகும் போன வாரம்வரை மடியில் பலகையை வைத்து வரைந்துகொண்டிருந்த மனிதன். அதுவும் கூடப் போகட்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே குனிந்தபோது, திருப்பி மாட்டிய படத்தின் கீழ்மூலை கண்ணுக்கு நேராக வந்தது.

சிவப்பு நூல். அவள் பெயரின் முதல் எழுத்து, அவள் அப்பா வீட்டுப் பெயரின் முதல் எழுத்து, அவற்றுக்குக் கீழே ஒன்பது. எல்லாம் குறுக்குத் தையல். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அந்த இரண்டு எழுத்தையும் பன்னிரண்டு வரை எண்ணையும் தைக்கத் தெரிந்துகொண்டுதான் அங்கே கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். ஒன்பதின் வால் கொஞ்சம் நீண்டிருந்தது. பதினேழு வயதில் அதைத் தைத்தபோது அம்மா பிரித்துத் தைக்கச் சொன்னதும், இவள் பிரிக்காமலே மடித்து அடியில் வைத்து ஏமாற்றியதும் இன்றைக்கும் மறக்கவில்லை. அது அவள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பன்னிரண்டு படுக்கைத் துப்பட்டிகளில் ஒன்று.

 காட்டெல் அடுத்த படத்தைத் திருப்பினாள். அதில் தையல் இல்லை, ஆனால் துணி அதே துணி. அப்பாவின் வயலில் விளைந்த ஆளிச் செடியின் நாரை இவளே நூற்று, தறிக்காரரிடம் கொடுத்து நெய்த துணி. அந்த நெசவு அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும். அதற்கடுத்ததிலும் தையல் இல்லை. ஒரு துப்பட்டியைக் கிழித்தால் இரண்டு மூன்று படத்துக்கு ஆகும். மூலை ஒன்றுக்குத்தானே வரும். கதவோரம் இருந்த பெரிய படத்தில் பத்து. சன்னலுக்குப் பக்கத்தில் பதினொன்று. கடைசிச் சுவரில், அடுப்புப் புகை பட்ட இடத்தில், பன்னிரண்டு.

காணாமல்போன நான்கும் இங்கேதான் இருந்தன. அவள் வீட்டுக் கூரைக்குக் கீழே, எட்டு வருஷமாக.

"வெள்ளைக் கோயில் கட்டணுமே," என்றாள் மரிவோன் அக்கா, துணியைப் பிழிந்தபடி. செத்தவரைக் கிடத்தியிருக்கும் மேசைக்கு மூன்று பக்கமும் வெள்ளைத் துப்பட்டியைத் தொங்கவிட்டு ஒரு சின்னக் கோயில் போலக் கட்டுவார்கள். பெண்டாட்டி கொண்டுவந்த சீரில் யாரும் படுக்காத துப்பட்டியாக இருக்கவேண்டும். "அந்தக் களவாணி மிச்சம் வெச்சது பத்தலேன்னா எங்க வீட்டுலேர்ந்து நாலு எடுத்துட்டு வரேன். இன்னிக்கு அவ பேரை எடுக்கவேண்டாம், விடு."

"கொஞ்சம் பொறுங்கக்கா," என்றாள் காட்டெல்.  பெஞ்சில் உட்கார்ந்தாள்.

களவாணி என்று ஊர் சொல்வது பெரினை. அந்தப் பெயரை முதலில் சொன்னது காட்டெல்தான்.

இரண்டு பேரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே மாதிரித் தொப்பி கட்டிக்கொண்டு கோயிலில் புதுநன்மை வாங்கியவர்கள். பெரினின் புருஷன் மத்தி மீன் படகோடு போய்த் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் ஊர்த் துணி வெளுத்துப் பிழைத்தாள். அங்கே பெரிய வெளுப்பு வருஷத்துக்கு இரண்டே தடவை. வசந்தத்தில் ஒன்று, இலையுதிரும்போது ஒன்று. சாம்பல் தண்ணீர் கொதிக்கும் தொட்டியில் போட்டு, ஓடைத் துறையில் அடித்து அலசி, புல்லில் விரித்துக் காயவைத்து, மடித்து மூட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பாள். "பன்னிரண்டு இருக்குடி" என்பாள். காட்டெல் அப்படியே அலமாரியில் அடுக்குவாள். சிநேகிதி கொடுத்த மூட்டையைப் பிரித்து எண்ணி வாங்குவது மரியாதை இல்லை. சாவு நாளுக்கான கடைசி நான்கு மூட்டையின் அடியிலேயே வரும், அடுத்த வெளுப்புவரை அவற்றை யாரும் தொடுவதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இலையுதிர் காலத்தில் அலமாரியைத் திறந்தபோது எட்டுதான் இருந்தது. ஆறு மாதத்தில் அதைத் தொட்ட வெளிக்கை ஒன்றே ஒன்று. காட்டெல் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகத் துறைக்குப் போனாள். பதினான்கு பெண்கள் முட்டி போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். என் நாலு துப்பட்டி எங்கே என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டாள். பெரின் நிமிர்ந்து பார்த்து, கொடுக்கும்போது பன்னிரண்டு இருந்தது, வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை எண்ணிப் பார் என்றாள். எட்டு வரைக்கும் எண்ண எனக்குத் தெரியும், திருடிக்குத்தான் கணக்கு மறந்துபோகும் என்று இவள் சொன்னாள். துவைக்கும் சத்தம் நின்றது. அதற்கப்புறம் யாரும் பெரினுக்கு ஒரு கைக்குட்டைகூடப் போடவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் அவள் துறைமுக ஊருக்குப் போய் மத்தி மீன் டப்பாத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள். அம்மா கல்லறைக்குப் பூ வைக்கக்கூட இந்தப் பக்கம் வந்ததில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்லி அழுதாள். அவன் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான். "போனது போகட்டும். துணிதானே. அந்தப் பொண்ணை விட்டுடு," என்றான். உங்களை மாதிரி எல்லாரையும் நம்பினால் வீட்டுக் கதவைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இவள்தான் சண்டை பிடித்தாள். பிறகு கோபம் ஆறியதும் அவனுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று மரிவோன் அக்காவிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள். 

அவனுக்காக அவள் எத்தனை பேரிடம் வாய்ச்சண்டை போட்டிருக்கிறாள். ரொட்டிக் கடைக்காரர் மகன், அடுமனை வேலையை விட்டுவிட்டுப் பாரிஸுக்கு ஓடி ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவன். முதலில் அங்கே வெயிலைத் துரத்தித் துரத்தி வரைகிறவர்களோடு சேர்ந்து ஆற்றங்கரையெல்லாம் சுற்றினான். ஒரு நாள் தேயிலைக் கடையில் பொட்டலம் கட்ட வைத்திருந்த ஜப்பான் நாட்டுப் படங்களைப் பார்த்தானாம். அதில் நிழலே இல்லை. பட்டையாக நிறம், அதைச் சுற்றி ஒரு கோடு. அதோடு ஆற்றங்கரை அவனுக்குச் சலித்துவிட்டது. ஊருக்குத் திரும்பிக் கோயிலில் பூசைக்கு உட்கார்ந்தவன், சன்னல் கண்ணாடிகளைப் பார்த்து, இதுவும் அதேதானே, சின்ன வயசிலிருந்து என் மூக்குக்கு முன்னாலேயே இருந்திருக்கிறதே என்று சத்தமாகச் சொல்லிவிட்டான். சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு முறைத்தார். அந்த வாரமே காட்டெலைப் பெண் கேட்டு வந்தான்.

அதற்குப் பிறகு அவன் வரைந்த வயல் சிவப்பாக இருந்தது, கடல் ஆரஞ்சாக இருந்தது, மாடு மஞ்சளாக இருந்தது. உன் வீட்டு மாடு மஞ்சள் பால்தான் கறக்குமா என்று சந்தையில் கேட்டவளின் தலையில் காட்டெல் முட்டைக் கூடையைக் கவிழ்த்தாள். பிரசல்ஸ் நகரத்துக் கண்காட்சிக்கு அனுப்பிய ஏழு படங்கள், அடித்த ஆணிகூடக் கழற்றப்படாமல் திரும்பி வந்தன. அந்தப் பெட்டிப் பலகையை உடைத்து அவன் அடுப்பெரித்தான். அவள் தன் சமையல் பானையில் முயல் தோலைக் கொதிக்கவைத்து அவனுக்கு வரைகிற துணியில் பூசப் பசை காய்ச்சிக் கொடுத்தாள். அந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரி தெருவில் வந்து திட்டுவாள். ஆனால் படங்களை மட்டும் அவள் தொட்டதில்லை. பின்கொட்டகையில் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பான். காயவில்லை, தொடாதே என்பான். எட்டு வருஷமாகக் காயாத படமும் உண்டா என்று அவள் கேட்டதில்லை. வரைகிற கித்தான் துணியைப் பக்கத்து நகரத்துக் கடையில் கடன் சொல்லி வாங்கி வருவதாகச் சொன்னதையும் நம்பினாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், இருமலில் ரத்தம் வர ஆரம்பித்த பிறகு, தச்சனைக் கூப்பிட்டுப் பத்தொன்பது படத்தையும் கூடத்தில் மாட்டச் சொன்னான். பாரிஸிலிருந்து ஒரு வியாபாரி வருகிறார், அவர் வந்தால் பார்க்கட்டும் என்றான். வந்துவிட்டாரா, வந்துவிட்டாரா என்று நேற்று மாலைவரை கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வியாபாரி அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார்.

முசியே வெர்னேய் ஒல்லியான மனிதர். சத்திரத்திலேயே விஷயம் சொல்லியிருந்தார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து, தீர்த்தத் தட்டில் இருந்த இலைக்கொப்பை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்து, செத்தவன்மேல் இரண்டு சொட்டுத் தெளித்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. அப்புறம் அந்தக் கண் சுவருக்குப் போனது. ஒரே ஒரு படத்தை மட்டும் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"பெட்டி போனப்புறம் பாருங்க, முசியே," என்றாள் மரிவோன் அக்கா. "இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க. இன்னும் ஒரு நாள் பொறுத்தா படம் ஓடியா போயிடும்?"

அவர் வாதாடவில்லை. படங்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் போலத் துணியை விரலால் தடவினார். இந்தத் துணிதான் எல்லாம் என்றார். கடைக் கித்தானில் எண்ணெய் மேலேயே நின்று மினுக்கும், இது உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் இவர் நிறம் சுண்ணாம்புச் சுவரில் தீட்டியதுபோல இப்படி அமைதியாக உட்கார்கிறது. இவர் முன்பு அனுப்பிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, துணியை எங்கே வாங்குகிறீர்கள் என்று தான் கடிதம் எழுதிக் கேட்டதாகச் சொன்னார்.

"என்ன சொன்னார்?" என்றாள் காட்டெல்.

"என் மனைவி கொடுத்ததுன்னு எழுதினார், மதாம். கல்யாணத்துக்குக் கொண்டுவந்ததை எனக்காகக் கொடுத்துட்டா, இப்படி ஒரு மனைவி எந்த ஓவியனுக்கும் கிடைச்சதில்லைன்னு எழுதினார். அந்தக் கடிதத்தை நான் பத்திரமா வெச்சிருக்கேன்."

காட்டெல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். முசியே வெர்னேய் அதற்குள் கதவோரத்துப் பெரிய படத்துக்கு வந்திருந்தார். குனிந்து மரச்சட்டத்தின் குறுக்குக் கட்டையைப் பார்த்தார். இதற்குப் பெயரே எழுதியிருக்கிறாரே என்றார்.

"'குற்றமில்லாத சலவைக்காரி'. யார் மதாம் இது? இவருக்காக உட்கார்ந்த பெண்ணா?"

மரிவோன் அக்கா மெழுகுவர்த்தித் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அந்தக் கை அப்படியே நின்றது.

"தேதி போட்டிருக்கா?" என்று கேட்டாள் காட்டெல்.

போட்டிருந்தது. எட்டு வருஷத்துக்கு முந்தைய நவம்பர். துறையில் நடந்தது அக்டோபரில்.

அந்தப் படத்தின் முன்பக்கம் என்ன என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். வரிசையாக முதுகு காட்டிக் குனிந்திருக்கும் வெள்ளைத் தொப்பிகள், செம்மண் போலச் சிவந்த ஓடைத் தண்ணீர், நீலமாக ஒரு பாதை. பாதையில் ஒருத்தி துவைக்கும் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தனியாகப் போகிறாள். யார் இவள் என்று அப்போதே கேட்டாள். யாரோ, படத்தில் நடந்துபோக ஓர் ஆள் வேண்டியிருந்தது என்றான். பெரினைத் திருடியாக்கிய துப்பட்டியிலேயே, காட்டெல் காய்ச்சிக் கொடுத்த பசையைப் பூசி, பெரினை வரைந்துவிட்டு, அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

முசியே வெர்னேய்க்கு இதெல்லாம் எப்படித் தெரியும். அவர் பாட்டுக்குப் பேசினார். துணி தளர்ந்திருக்கிறது, பாரிஸுக்குக் கொண்டுபோனதும் பின்னால் புதுக் கித்தான் ஒன்றை ஒட்டிவிட்டால் நூறு வருஷம் நிற்கும் என்றார். வரும் வசந்தத்தில் இந்தப் பத்தொன்பதையும் ஒரே கூடத்தில் வைக்கப்போவதாகவும், இனிமேல் இவர் பெயரைத் தெரியாதென்று யாரும் சொல்லமுடியாது என்றும் சொன்னார். நாளை அடக்கம் முடிந்ததும் பேசலாம் என்று சத்திரத்துக்குக் கிளம்பிப் போனார்.

மரிவோன் அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கதவோரத்துப் படத்தின் மூலையைப் பார்த்தாள், பிறகு மற்ற மூன்றையும். அவளும் சீர் தைத்துக்கொண்டு வந்தவள்தான்.  மெழுகுவர்த்திப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவர்தான் பின்னாடி துணி ஒட்டிடுறேங்கறாரே," என்றாள். "உனக்கும் எனக்கும் தெரிஞ்சதோட போகட்டும்டி. பேர் வர்ற நேரம். ஆயுசு முழுக்க அந்த மனுஷன் ஏங்கினதே இதுக்குத்தானே."

அது உண்மை. காட்டெலும் அதற்காகத்தான் இருபத்துமூன்று வருஷம் ஏங்கினாள். ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாளை பெட்டி போய்விடும், நாளை மறுநாள் படங்கள் போய்விடும். பெரின் பாட்டுக்கு மீன் குடலை உருவிக்கொண்டு கிடப்பாள்.

அவள் எழுந்து மேசையருகே போனாள். அவன் முகம் சாந்தமாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனும் இந்தக் கடற்கரையில் பிறந்தவன்தானே. செத்த வீட்டில் படங்களைத் திருப்புவார்கள் என்று இவனுக்குத் தெரியாதா? கொட்டகையில் கிடந்தவற்றை மூன்று வாரத்துக்கு முன்னால் தச்சனை வைத்து இங்கே மாட்டச் சொன்னது பாரிஸ்காரருக்காக மட்டும்தானா? அப்படி நினைத்தே மாட்டியிருந்தால் அது இன்னும் கேவலம். ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்தவளிடம் வாய் திறக்க முடியாதவன், தான் போன பிறகு அவளே கண்டுபிடித்து அவளே சுமக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. குளிர்ந்துபோன முகத்தை அறைந்து என்ன ஆகப்போகிறது.

"கேட்டிருந்தா நானே கிழிச்சுக் கொடுத்திருப்பேனே," என்றாள் அவனிடம், மெதுவாக. "நாலும் கொடுத்திருப்பேனே."

தெருவில் மணிச் சத்தம் கேட்டது. காலையில் மீன் கொண்டுவரும் வண்டி வெறும் கூடைகளோடு துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. காட்டெல் வாசலுக்குப் போய் நிறுத்தினாள். டப்பாத் தொழிற்சாலையில் பெரினைத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றான் வண்டிக்காரன், சாவுச் செய்தி சொல்லவேண்டுமா என்று தொப்பியைத் தொட்டான்.

"அதையும் சொல்லு. முதல்ல, துப்பட்டி கிடைச்சிருச்சுன்னு சொல்லு. நாலும் கிடைச்சிருச்சு. எங்க இருந்துச்சுன்னு வந்து பாக்கச் சொல்லு."

உள்ளே வந்து, ஒன்பதாம் எண் படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். மேசையின் தலைமாட்டுக்குக் கொண்டுபோய், முதுகு வெளியே தெரியும்படி நாற்காலிமேல் நிறுத்தினாள். அதற்கப்புறம் பதினொன்று. மரிவோன் அக்காவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் குறுக்கே வந்து நின்றாள்.

"வேண்டாம். எங்க வீட்டுத் துப்பட்டியைக் கொண்டுவரேன், அதைக் கட்டிக்கலாம். செத்தவனைச் சந்தி சிரிக்க வைக்காதே. நாளைக்கு இந்தத் தெருவுல உன்னால தலைநிமிர்ந்து நடக்கமுடியாது."

"பெரின் நடந்தாளா?" என்றாள் காட்டெல்.

மரிவோன் அக்காவும் அந்தக் குளிர்காலத்தில் தன் துணியை வேறொருத்திக்கு மாற்றிப் போட்டவள்.  பிறகு பெரிய படத்தின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினாள். கனமாக இருந்தது. இருவருமாக அதைச் சுவரோரம் நகர்த்தி அவனுக்குப் பின்னால் நேராக நிறுத்தினார்கள். பன்னிரண்டு கால்மாட்டுக்கு வந்தது. அங்கங்கே எண்ணெய் ஊறி மஞ்சள் பாரித்திருந்தாலும் துணி இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. நான்கு படங்களின் மூலையிலும் சிவப்பு நூல் எல்லார் கண்ணுக்கும் படும்படி நின்றது. அப்படியாக அவனுக்கு வெள்ளைக் கோயில் கட்டியாயிற்று.

மூன்று மணியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆண்கள் வந்தார்கள், தீர்த்தம் தெளித்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்து இந்த வருஷத்து மத்தி மீன் வரத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஓவியன் வீட்டில் இப்படித்தான் ஏதாவது கோணங்கித்தனம் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பெண்கள்தான் இலைக்கொப்பைக் கையில் எடுத்தவுடன் நின்றார்கள். ஆலைக்காரர் மனைவி உதடு அசைய, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணுவதைக் காட்டெல் பார்த்தாள். எண்ணி முடித்தவள் ஆறுதல் சொல்ல மறந்துபோய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். துறையில் அன்று முட்டி போட்டிருந்த பதினான்கு பேரில் பதினொரு பேர் வந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாமியார் வந்து செபம் தொடங்கியபோது பதில் சொல்லும் குரல் ஆண்கள் பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. அவர் செபப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேலே படித்தார்.

ராத்திரி மாறி மாறி விழித்திருந்தார்கள். விடிந்து எட்டு மணிக்கு மீன் வண்டி வாசலில் நின்றது.

பெரின் இறங்கி வந்தாள். கறுப்புச் சால்வை போர்த்தியிருந்தாள். எட்டு வருஷத்தில் முகம் பாதியாகியிருந்தது. உப்பு நீரிலும் எண்ணெயிலும் ஊறிய விரல்கள் கணுக்கணுவாக வெடித்திருந்தன. கூடம் முழுக்கப் பெண்கள் இருந்தார்கள். அவள் வாசற்படியில் நின்று அவர்களையெல்லாம் ஒரு தடவை பார்த்தாள்.

"துப்பட்டி கிடைச்சிருச்சுன்னு சொன்னான்," என்றாள்.

"கிடைச்சிருச்சு," என்றாள் காட்டெல்.

பெரின் மேசையைச் சுற்றி வந்தாள். செத்தவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஒவ்வொரு மூலையாகக் குனிந்து பார்த்தாள். ஒன்பதின் நீண்ட வாலைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதை எத்தனை வசந்தம் அவள் அடித்துத் துவைத்திருப்பாள். பத்தாம் எண்ணுக்கு வந்தபோது காட்டெல் எழுந்தாள். பெட்டி போகும்வரை படம் முகம் காட்டக்கூடாது என்பதை அவள் மறக்கவில்லை. பாரிஸ்காரருக்குக் காட்டாததை, இரண்டு கையாலும் பிடித்துப் பெரினுக்காகத் திருப்பினாள். பெஞ்சில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். மரச்சட்டத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று காட்டெல் சொன்னாள். அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள், துறையில் சொன்ன அதே குரலில்.

பெரின் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். சிவப்புத் தண்ணீரை, குனிந்த முதுகுகளை, நீலப் பாதையில் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து போகிறவளை.

"நான் இப்படிப் போகலை," என்றாள். "அழுதுகிட்டே ஓடினேன்."

 அவள் படத்தின் பின்பக்கம் கையை விட்டுத் துணியை இரண்டு விரலால் பிடித்து, கசக்கிப் பார்த்தாள். வெளுக்கிறவளின் கை, அது தானாகவே அப்படிச் செய்தது. "எண்ணெய் உள்ளே இறங்கிடுச்சு. இனிமே எந்தச் சாம்பல் தண்ணியில போட்டாலும் வெளுக்காது."

"நீ கொடுத்தப்ப நான் எண்ணிப் பார்க்காமப் போயிட்டேன், பெரின்."

"அப்புறம் எண்ணினதுலயும் உன் தப்பு இல்லை. எட்டுதானே இருந்துச்சு." பெரின் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "என் வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்துச்சு. நீ துறைக்கு வந்து கேட்டே."

 புருஷன் தனக்குச் செய்ததையெல்லாம் நேற்றுக் காலையிலிருந்து எண்ணி எண்ணிப் பார்த்த காட்டெலுக்கு, இந்தக் கணக்கு இப்போதுதான் உறைத்தது.  கண்ணீர் வந்ததைத் துடைக்காமல் நின்றாள்.

பெரின் தீர்த்தத் தட்டில் விரலை நனைத்துத் தன் நெற்றியில் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டாள். செத்தவன்மேல் தெளிக்கும் இலைக்கொப்பை எடுக்கவில்லை. பெஞ்சுகளில் இருந்த பெண்கள் அவசரமாக நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். ஆலைக்காரர் மனைவி எழுந்தே நின்றுவிட்டாள். பெரின் அவர்களைத் தாண்டிப் போய், கதவுக்குப் பக்கத்தில் சுள்ளி வைக்கும் முக்காலியில் உட்கார்ந்து, கைகளைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

காட்டெல் தன் பெஞ்சில் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். தச்சன் சவப்பெட்டி மூடியைத் தூக்கிக்கொண்டு வரும்வரை அந்த ஓர் ஆள் இடம் அப்படியே கிடந்தது.